பச்சை விளக்கு

2016 செப்டம்பர் 5, திங்கட்கிழமை. அன்று பிள்ளையார் சதுர்த்தி. ரிலையன்ஸ் ஜியோ தொடங்கியதும் அன்றுதான். டெல்லி விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட டாக்சி டிரைவர் சிம் எங்கே கிடைக்கும் என்று வழி முழுக்க யாரிடமோ விசாரித்துக்கொண்டே வந்தார். ஊரில் அம்மா இந்நேரம் கொழுக்கட்டை அவித்து முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது 26 வயது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மாநாட்டின் பெயர் வி.எல்.டி.பி. 'வெரி லார்ஜ் டேட்டா பேசஸ்' என்பதன் சுருக்கம். தரவுத்தள ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு இதுவும் சிக்மாட் மாநாடும்தான் இரண்டு பெரிய திருவிழாக்கள். முதல் வி.எல்.டி.பி. 1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் நடந்தது. 1970இல் வந்த ஐபிஎம் 3330 வட்டு இயந்திரத்தில் கழற்றி மாட்டும் ஒரு வட்டு அடுக்கு 100 மெகாபைட் கொள்ளும். இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவுக்கே அது பத்தாது. 'மிகப் பெரிய' என்பதன் அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது, பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. இந்தியாவுக்கு இந்த மாநாடு முதலில் வந்தது 1996இல், மும்பைக்கு. இருபது வருடம் கழித்து டெல்லிக்கு வந்தபோது அது 42ஆவது மாநாடு.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தொழிற்சாலைகளுக்கு வருகைப் பதிவு மென்பொருள் செய்து கொடுப்போம். வாசலில் கைரேகை மெஷின் இருக்கும். தொழிலாளி விரலை வைத்ததும் மெஷின் எங்கள் சர்வரோடு பேசும், சர்வர் 'பதிவாகிவிட்டது' என்று சொன்னதும் மெஷினில் பச்சை விளக்கு எரியும். அந்த வருடத் தொடக்கத்தில் நான் அந்தப் பச்சை விளக்கை வேகமாக எரியவைத்தேன். அதற்குப் பரிசாகத்தான் அலுவலகம் என்னை டெல்லிக்கு அனுப்பியது.

*

மாநாடு எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. வெள்ளைத்தாடிக்காரர்கள் மேடையில் உட்கார்ந்து பேசுவார்கள், நாம் கீழே இருந்து குறிப்பெடுப்போம். போனால் அது எங்கள் ஊர்ப் பொங்கல் சந்தை மாதிரி இருந்தது. ஒரே நேரத்தில் நாலைந்து அறைகளில் உரைகள். ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான், முடிந்ததும் கேள்வி. நடைபாதையில் போஸ்டர்கள், இன்னொரு பக்கம் செய்துகாட்டும் மேசைகள். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள். என் அட்டையில் இருந்த கம்பெனி பெயரைப் படித்துவிட்டு இரண்டு பேர் மரியாதையாகத் தலையாட்டிக் கடந்து போனார்கள்.

முதல் நாள் காபி இடைவேளையில் பக்கத்திலிருந்து தமிழ் கேட்டது. போனில் அம்மாவிடம் "சாப்ட்டேன்மா, இங்க நல்லாத்தான் போடறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஒரு பையன். கோயம்புத்தூர்க்காரன், ஐரோப்பாவில் பிஎச்டி செய்கிறான். அவனுடைய உரை புதன்கிழமை. இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றான்.

கட்டுரைகள் எப்படித் தேர்வாகின்றன என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னது அவன்தான். 2008 முதல் இந்த மாநாட்டுக் கட்டுரைகள் ஓர் ஆய்விதழ் மாதிரி வருகின்றன. வருடத்துக்கு ஒரே கெடு கிடையாது, மாதா மாதம் முதல் தேதி கட்டுரை அனுப்பலாம். பன்னிரண்டு பக்கம். அதைத் துறையில் இருக்கும் மூன்று பேர் படிப்பார்கள். எழுதியவருக்கு அவர்கள் யார் என்று தெரியாது. நேரடியாக ஏற்கலாம், நிராகரிக்கலாம், அல்லது "இதையெல்லாம் செய்துவிட்டு மறுபடி அனுப்பு" என்று திருப்பலாம்.

"என்னோடது திரும்பி வந்துச்சுண்ணா" என்றான். "ரெண்டாவது ரிவ்யூவர் என்னைச் சாகடிச்சுட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"புதன்கிழமை வாங்க. ஸ்லைடுலயே இருக்கு."

*

என் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும்.

இன்ஜினியரிங்கில் தரவுத்தளப் பாடம் படித்தவர்களுக்கு 'ஆசிட்' என்ற நான்கெழுத்து ஞாபகம் இருக்கும். அடாமிசிட்டி, கன்சிஸ்டென்ஸி, ஐசொலேஷன், ட்யூரபிலிட்டி. தியோ ஹார்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இருவர் 1983இல் வைத்த பெயர். எங்கள் பரீட்சையில் அது இரண்டு மார்க், விரித்துக் கேட்டால் பதினாறு மார்க். கடைசி எழுத்தான ட்யூரபிலிட்டிக்கு நான் எழுதிய விடை இப்போதும் நினைவிருக்கிறது: முடிந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதன் பிறகு மின்சாரம் போனாலும் அது அழியக்கூடாது.

இதைத் தரவுத்தளம் எப்படிச் சாதிக்கிறது என்பதற்கு எனக்கு என் அப்பாதான் உதாரணம். அப்பா விருதுநகரில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவரிடம் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று நாள்வழி. வந்தது, போனது எல்லாம் நடந்த வரிசையில் அப்போதைக்கப்போது அதில் ஏறும். இன்னொன்று பேரேடு. ஆள்வாரியாகப் பக்கம் பிரித்து, சாயங்காலம் நிதானமாக நாள்வழியைப் பார்த்து எழுதுவது. பேரேடு நனைந்துபோனாலும் நாள்வழி இருந்தால் மறுபடி போட்டுவிடலாம். தரவுத்தளத்திலும் அப்படித்தான். அட்டவணைதான் பேரேடு. அதற்கு முன்னால் 'லாக்' என்ற நாள்வழியில் எழுத வேண்டும். அந்த லாக் வரி நினைவகத்தில் இருந்தால் போதாது, டிஸ்க்கில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கிய பிறகுதான் 'முடிந்தது' என்று சொல்லலாம்.

டிஸ்க்கில் இறக்குவதுதான் மெதுவான வேலை. எங்கள் சர்வரில் இருந்தது நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் பழைய வகை டிஸ்க். அதாவது நொடிக்கு 120 சுற்று. ஒவ்வொரு 'முடிந்தது'க்கும் ஒரு சுற்று என்றால் நொடிக்கு 120க்கு மேல் போக முடியாது. ஒரு தொழிலாளி ஒருமுறை விரல் வைத்தால் எங்கள் நிரல் ஐந்து தனித்தனி 'முடிந்தது' கேட்கும். அது எங்கள் நிரலின் அவலட்சணம். காலை எட்டரைக்கு எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஒரே நேரத்தில் ஷிஃப்ட் தொடங்கும்போது சர்வர் மூச்சுத் திணறும். வாசலில் வரிசை நீளும். தொழிற்சாலைகளிலிருந்து திட்டு வரும்.

சரியான தீர்வு அந்த ஐந்தை ஒன்றாக்குவது. பலருடைய 'முடிந்தது'களைச் சேர்த்து ஒரே சுற்றில் டிஸ்க்கில் இறக்கும் முறையும் உண்டு, அதற்கு 'குரூப் கமிட்' என்று பெயர். 1984ஆம் ஆண்டு சிக்மாட் கட்டுரை ஒன்றிலேயே அது விளக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது மைஎஸ்க்யூஎல்லில் இருக்கும் ஒரு எண். அது 1 என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் லாக் டிஸ்க்கில் இறங்கும். 2 என்று மாற்றினால் லாகை இயங்குதளத்திடம் கொடுத்துவிட்டு உடனே 'முடிந்தது' என்று சொல்லிவிடும், டிஸ்க்குக்கு ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறைதான் போகும். இடையில் மின்சாரம் போனால் அந்த ஒரு நொடி போய்விடும். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நான் படித்தேன். ஒரு நொடிதானே என்று நினைத்தேன்.

2 என்று மாற்றினேன். நாலு நொடி எடுத்த பச்சை விளக்கு அரை நொடியில் எரிந்தது. ஏப்ரலில் அலுவலகக் கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினேன். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு பட்டைகள். எல்லோரும் கைதட்டினார்கள்.

*

புதன்கிழமை அந்தக் கோயம்புத்தூர்ப் பையனின் உரைக்குப் போனேன். அறையில் நாற்பது பேர் இருப்பார்கள். தரவு முழுவதையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு வேகமாகப் பரிமாற்றங்களை முடிக்கும் ஒரு முறை பற்றிப் பேசினான். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது, போகப்போகச் சரியாகிவிட்டது. கடைசியில் வரைபடம் வந்தது. அவனுடைய கோடு மற்றவர்களுடைய கோடுகளுக்கு மேலே ஏறிப் போனது.

கேள்வி நேரம். நடுவில் வைத்திருந்த மைக்கின் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். இரண்டாவதாக வந்தவர் வயதானவர், கையில் காபிக் கோப்பை. கோபமெல்லாம் இல்லை. மளிகைக் கடையில் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்ப்பவர் மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார்: இந்த எண்களை எடுத்தபோது லாக் டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்ததா?

எனக்குக் காதடைத்தது.

பையன் தயங்கவில்லை. "இந்தப் படத்தில் இல்லை. அடுத்ததில் இருக்கிறது" என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டான். அதே வரைபடம், கூடவே இன்னொரு கோடு. லாகை டிஸ்க்கில் இறக்கினால் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதற்கான கோடு. அது கீழேதான் இருந்தது, ஆனாலும் சிலவற்றை முந்தியிருந்தது. எங்கே தோற்கிறது, ஏன் தோற்கிறது என்று இரண்டு வாக்கியம் சொன்னான். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் அவனிடம் "அந்த ரெண்டாவது கோடு சூப்பர்" என்றேன்.

சிரித்தான். "அது நானாப் போட்டதில்லண்ணா. அதான் அந்த ரெண்டாவது ரிவ்யூவர். லாக் ஆன் பண்ணி ஓட்டிக் காட்டுன்னு எழுதிட்டாரு. அந்தக் கோடு இல்லைன்னா பேப்பரே இல்லை. ஒன்றரை மாசம் ஆச்சு."

இந்தத் துறையில் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எண்பதுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் தரவுத்தளம்தான் வேகமானது என்று தன் வசதிக்கு அளந்து விளம்பரம் செய்துகொண்டிருந்தது. 1985இல் ஜிம் கிரே பலரோடு சேர்ந்து எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவீட்டை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார், பெயர் போடாமல். 1988இல் இதற்கென்றே டி.பி.சி. என்ற அமைப்பு உருவானது. அதன் டிபிசி-சி அளவீட்டில் வேகத்தை மட்டும் காட்டினால் போதாது, ஆசிட் சோதனைகளிலும் தேற வேண்டும். மின்சாரம் போனாலும் முடிந்தவை மிஞ்சுமா என்பதும் அந்தச் சோதனையில் உண்டு. இஷ்டத்துக்கு அளந்து ஏமாற்றியவர்கள் இருந்ததால்தான் அந்த விதி வந்தது. அந்தப் பையன் என்னைவிட நல்லவன் என்று நான் சொல்லவரவில்லை. அவனைக் கேட்பதற்கு ஆள் இருந்தது.

என் வரைபடத்தில் இரண்டாவது கோடு இல்லை. எங்கள் கூட்டத்தில் மைக்கும் இல்லை.

ஆனால் என்னிடமும் ஒருவர் கேட்டிருந்தார்.

*

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை 8:29க்கு எங்கள் சர்வர் அறையில் மின்சாரம் போனது. யூ.பி.எஸ். கைவிட்டது. ஐந்து நிமிடத்தில் சர்வர் திரும்ப வந்துவிட்டது. தரவுத்தளம் தானாகவே மீண்டு எழுந்தது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. நாங்கள் டீ குடிக்கப் போனோம்.

மூன்று வாரம் கழித்து, சம்பளம் போட்ட பிறகு, ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு புகார் வந்தது. எச்.ஆர். அனுப்பிய மெயிலில் ஸ்கேன் செய்த கடிதம் ஒன்று இணைத்திருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், ஒரு பெண் எழுதியது. அந்தத் திங்கட்கிழமை தனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள், ஒருநாள் சம்பளமும் மாத வருகை போனஸும் போய்விட்டன என்று எழுதியிருந்தார். "நான் கை வச்சேன். பச்சை லைட் எரிஞ்சது. எனக்குப் பின்னாடி நின்னவங்களும் பாத்தாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். சிஸ்டத்துல இல்லைன்னா நான் என்ன பண்றதுன்னு சொல்றாரு." இவ்வளவுதான். கீழே கையெழுத்து, டோக்கன் நம்பர்.

தொழிற்சாலையில் உள்ளே வரும்போது மட்டும்தான் கைரேகை. வெளியே போகும்போது வேன் காத்திருக்கும் என்பதால் கிடையாது. அதனால் காலைப் பதிவு இல்லையென்றால் அந்த நாளே இல்லை.

தேடிப் பார்த்தேன். பதிவு இல்லை. 8:29 என்ற நேரத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு காரியம் செய்தேன். அந்த எண்ணை 2இலிருந்து 1க்கு மாற்றினேன், மாற்றக் குறிப்பில் 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று எழுதினேன். அதற்குள் ஐந்து 'முடிந்தது'களை நாங்கள் ஒன்றாக்கியிருந்ததால் வேகம் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது, அந்தப் புகாருக்கு "குறிப்பிட்ட நேரத்தில் பதிவு எதுவும் இல்லை. மென்பொருள் சரியாக இயங்குகிறது" என்று பதில் எழுதி மூடினேன்.

இரண்டு வாக்கியமும் உண்மைதான். அப்போது எனக்கு அதுவே ஆறுதலாகவும் இருந்தது.

புதன்கிழமை டெல்லியில் அந்த மைக்கின் முன்னால் நின்றவர் கேட்டதும் இந்தப் பெண் கேட்டதும் ஒரே கேள்வி. 'முடிந்தது' என்று சொன்னபோது அது எங்கே எழுதப்பட்டிருந்தது? ஒருவர் ஆங்கிலத்தில், துறைச் சொற்களில் கேட்டார். அவர் கேட்டதும் அறையே திரும்பிப் பார்த்தது. இன்னொருவர் தன் ஒருநாள் கூலிக்காகக் கேட்டார். அவருக்கு நான் 'சரியாக இயங்குகிறது' என்று பதில் எழுதினேன்.

*

அன்று ராத்திரி அறையில் தூக்கம் வரவில்லை. மாநாட்டில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெயரைத் தேடிப் படித்தேன். ஆரீஸ். மின்சாரம் போய்த் திரும்பும்போது ஒரு தரவுத்தளம் எப்படி மீண்டெழ வேண்டும் என்பதற்கான முறை. ஐபிஎம்மில் ஐந்து பேர் சேர்ந்து எழுதி 1992இல் வெளிவந்த கட்டுரை, 69 பக்கம். முதல் ஆசிரியர் சி. மோகன், ஐஐடி மெட்ராஸில் படித்தவர். 1999இல் இதே வி.எல்.டி.பி. மாநாடு அந்தப் பணிக்குப் பத்தாண்டு விருது கொடுத்திருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் பல தரவுத்தளங்களின் மீட்பு முறை அதன் வழித்தோன்றல்தான்.

அதில் ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. மீண்டெழும்போது பாதியில் நின்ற வேலைகளை ரத்து செய்ய வேண்டும், அது தெரிந்ததுதான். ஆனால் ஆரீஸ் நேராக ரத்து செய்யப் போவதில்லை. முதலில் லாகைப் படித்து, விழுந்த கணத்தில் என்ன நிலைமையோ அதை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறது. பாதியில் நின்றவை, ரத்தாகப் போகிறவை எல்லாவற்றையும் மறுபடி செய்கிறது. நடந்தது முழுக்கத் திரும்ப நடந்த பிறகுதான், தவறானவற்றை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுக்கிறது. அப்படி எடுப்பதையும் லாகில் ஒரு புது வரியாக எழுதி வைக்கிறது. எடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் போனால், எதுவரை எடுத்தோம் என்று தெரிய வேண்டும் இல்லையா.

அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி பத்தரை. அவர் தூங்கப் போகும் நேரம்.

"என்ன தம்பி, இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்லப்பா. பேரேட்டுல தப்பா ஒண்ணு எழுதிட்டீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"எதுக்கு இப்போ?"

"சும்மா சொல்லுங்களேன்."

"அழிக்கக் கூடாது. மொதலாளி அழிச்ச நோட்டைப் பாத்தா அன்னைக்கே கணக்கு முடிஞ்சுது. தப்பு அங்க அப்பிடியே இருக்கணும். கீழ புதுசா ஒரு வரி, இன்ன தேதியில இன்னது தப்பா ஏறிருச்சு, அதுக்கு இது திருத்தம்னு எழுதி, பக்கத்துல நம்ம கையெழுத்தையும் போட்டுறணும்."

"அப்போ தப்பு பண்ணது எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியட்டுமே. அழிச்சா திருடன்னு நெனப்பான். திருத்துனா தப்பு பண்ணிட்டான்னுதான நெனப்பான்."

ஜிம் கிரே 1981இல் பிரான்சின் கான் நகரில் நடந்த வி.எல்.டி.பி.யில் பரிமாற்றம் என்ற கருத்தைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். அதில் கணக்கர்களின் இந்த வழக்கத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார். பழைய வரியில் கை வைக்காமல் ஈடுசெய்யும் புது வரி எழுதுவார்கள், அதனால் கணக்குப் புத்தகமே முழு வரலாறாக இருக்கும் என்கிறார். விருதுநகர் மண்டியில் அப்பா செய்ததும் அதுதான். நான் செய்தது 'சிறு ஒழுங்குபடுத்தல்'.

*

வெள்ளிக்கிழமை சென்னை திரும்பினேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணை மாற்றியது, ஏன் மாற்றினேன் என்பது, ஜூனில் என்ன ஆனது, கடிதம், அதற்கு என் பதில், திருப்பி மாற்றியது, குறிப்பில் எழுதியது. அதே வரிசையில். முதலில் திருத்தத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு தவறைச் சொல்லலாம் என்றுதான் வழியில் யோசித்து வைத்திருந்தேன். அப்படிச் சொல்லவில்லை.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப எதுக்குப்பா இதைக் கிளறணும்? ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட். அதையும் மூடியாச்சு" என்றார்.

"ஒண்ணு இல்ல. எத்தனைன்னு எனக்கே தெரியல."

எண்ண முடிந்தது. தரவுத்தளத்துக்கு முன்னால் நின்று மெஷின்களோடு பேசும் இணைய சர்வர் வேறொரு இடத்தில், வேறு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மெஷினுக்கு எத்தனை மணிக்கு 'சரி' என்று பதில் போனது என்பது அதன் லாகில் இருந்தது. யார் விரல் வைத்தார்கள் என்பது இல்லை. அதையும் தரவுத்தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். 'சரி' என்று சொல்லியிருக்கிறோம், ஆனால் பதிவு இல்லை: 23. நான்கு தொழிற்சாலைகள். நான் 'ஒரு நொடிதானே' என்று நினைத்த அந்த ஒரு நொடியில் 23 பேர் விரல் வைத்திருக்கிறார்கள்.

நிர்வாகம் இரண்டு வாரம் யோசித்தது. கடைசியில் நான்கு தொழிற்சாலைகளுக்கும் கடிதம் போனது. தவறு எங்களுடையது என்று எழுத வேண்டும் என்று நான் கேட்டேன். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதினார்கள். அன்றைய நாளில் ஆப்சென்ட் ஆனவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, தையல் லைன்களில் சூப்பர்வைசர்கள் கையால் எழுதும் நோட்டுகளைப் பார்க்கச் சொன்னோம். எந்த மெஷினில் யார் உட்கார்ந்தார், எத்தனை பீஸ் தைத்தார் என்று அதில் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் முதல் நோட்டிலேயே இருந்தது. மொத்தம் 20 பேர் கிடைத்தார்கள். அதில் நான்கு பேர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு நான் எழுதிய இரண்டு மெயில்களுக்குப் பதில் வரவில்லை. மீதி 16 பேருக்கு நவம்பர் சம்பளத்தில் 'அரியர்ஸ்' என்று ஒரு வரி ஏறியது. எதற்கான அரியர்ஸ் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியாது.

மூன்று பேர் கிடைக்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் அந்த வார நோட்டையே காணோம்.

ஜிம் கிரே 2007 ஜனவரி 28 அன்று, தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலான் தீவுகளை நோக்கித் தனியாகப் பாய்மரப் படகில் போனார், திரும்பவில்லை. அவருடைய நண்பர்களும் துறையினரும் செயற்கைக்கோள் படங்களை வரவழைத்தார்கள். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி இணையத்தில் போட, ஏராளமானவர்கள் உட்கார்ந்து கடலில் ஒரு புள்ளியைத் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. அழியாத பதிவு என்ற எண்ணத்துக்கே உருவம் கொடுத்தவர்களில் ஒருவர் அவர். மீட்பு என்பது ஏற்கெனவே எழுதி வைத்ததைத் திரும்ப எடுப்பதுதான். எழுதாததை எந்தத் தேடலும் கொண்டுவந்துவிடாது. அந்த மூன்று பேரைத் தேடி நோட்டுகளின் புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த நாட்களில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்த வருட அப்ரைசலில் உயர்வு இல்லை. 'முடிவெடுக்கும் முன் கலந்தாலோசிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். அது நியாயம்தான். பரிசுச் சான்றிதழை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஒருநாள் கூலி போன பெண்ணோடு ஒப்பிட்டால் என் தவறுக்கு நான் கொடுத்த விலை குறைவு.

ஒன்று மட்டும் செய்தேன். சர்வர் அமைப்புக் கோப்பில் அந்த எண்ணுக்கு மேலே நாலு வரி குறிப்பு எழுதினேன், ஆங்கிலத்தில்தான். இது 1 ஆகவே இருக்க வேண்டும். 2016 ஜனவரியில் நான் இதை 2 ஆக்கினேன். ஜூனில் மின்சாரம் போனதில் 23 பேரின் வருகை அழிந்தது, 20 பேரைக் கண்டுபிடித்தோம், மூன்று பேரைக் கண்டுபிடிக்கவில்லை. ஜூலையில் யாரிடமும் சொல்லாமல் திருப்பி மாற்றினேன், அந்த மாற்றக் குறிப்பு பொய். கீழே என் பெயர், தேதி.

அந்த நிறுவனத்தை விட்டு வந்து ஏழு வருடம் ஆகிறது. அவர்கள் சர்வர்களையெல்லாம் கிளவுடுக்கு மாற்றிவிட்டார்கள். போன வருடம் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் லிங்க்ட்இன்னில் என்னைக் கண்டுபிடித்துச் செய்தி அனுப்பியிருந்தாள். பழைய கோப்புகளைச் சுத்தம் செய்கிறார்களாம். இந்தக் குறிப்பு ஒவ்வொரு மாற்றத்திலும் அப்படியே நகலாகி வந்துகொண்டிருக்கிறது, எடுக்கலாமா என்று டீமில் பேச்சு வந்ததாம்.

"எடுக்க வேணாம்னு நான் சொல்லிட்டேன் சார்" என்று எழுதியிருந்தாள். "ஆனா ஒரு சந்தேகம். அந்த மூணு பேர் யாருன்னு அப்புறமாவது தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று பதில் எழுதினேன்.